அடுத்தவர் ஷூட்டுக்குள் நம் கமரா

மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் விடியற்காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் இதைப் பார்க்கலாம். கலியாணப் படம் எடுக்க வந்த ஒரு ஜோடி, அவர்களுக்கு ஒரு போட்டோக்காரர், வெளிச்சத்தைத் திருப்பும் ரிஃப்ளெக்டர் பிடிக்க ஒரு பொடியன். அவர்களுக்குப் பின்னால், நடக்க வந்த இடத்தில் போனை நீட்டியபடி ஐந்தாறு பேர். 1924இல் திறந்த இரும்புப் பாலம், கீழே வாவி, கடல் பக்கத்திலிருந்து ஏறும் வெயில். யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? நானும் அந்த ஐந்தாறு பேரில் ஒருவனாக நின்றவன்தான். இப்போது காசு வாங்கிக்கொண்டு படம் எடுக்கிறேன். இரண்டு பக்கத்திலும் நின்று பிழை விட்டிருக்கிறேன்.

எடுக்கிறவர்களும் எடுக்க விடாதவர்களும் சேர்ந்து விடும் பிழை ஒன்று உண்டு. ‘ஷூட் அந்தப் போட்டோக்காரருடையது, ஆகவே அந்தக் காட்சியும் அவருக்கே சொந்தம்’ என்று நினைப்பது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எடுத்த படத்தைத்தான் பாதுகாக்கிறது. யோசனைக்குப் பாதுகாப்பு இல்லை. பாலத்துக் கம்பியில் சாய்ந்து நிற்கும் போஸை யாரும் பூட்டி வைக்க முடியாது. பொது இடத்தில் நின்று நீங்கள் ஷட்டரை அழுத்தினால் அந்தப் படத்துக்குப் பதிப்புரிமை உங்களுக்குத்தான்.

இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1997இல் ஓயாசிஸ் இசைக்குழு ஓர் அல்பத்தின் அட்டைப்படத்துக்காக, ஹோட்டல் நீச்சல் குளத்துக்குள் ரோல்ஸ் ரோய்ஸ் காரை இறக்கிப் படம் எடுத்தது. தி சன் பத்திரிகைக்காக வந்த போட்டோக்காரர் ஒருவர் அதே ஹோட்டலில் தங்கி, அதே காட்சியைத் தானும் எடுத்துவிட்டார். பத்திரிகை படத்தைப் போட்டது. போஸ்டராக விற்கவும் பார்த்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. காரையும் ஆட்களையும் அப்படி அடுக்கி வைத்ததற்குப் பதிப்புரிமை இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஆனால் காவல் போட்டு, வெளியாட்களைத் தள்ளி வைத்து நடந்த ஷூட் அது. இரகசியம் என்று தெரிந்தே எடுத்திருக்கிறார் என்று சொல்லி, மேற்கொண்டு வெளியிட இடைக்காலத் தடை போட்டார்.

அது அந்த நாட்டுத் தீர்ப்பு. ஆனாலும் அதிலிருந்து நமக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது: இந்த ஷூட் திறந்து கிடக்கிறதா, மூடி நடக்கிறதா? கல்லடிப் பாலமும் கடற்கரையும் திறந்தவை. பாசிக்குடாவில் ஹோட்டல் மதிலுக்கு உள்ளே நடப்பது அப்படியில்லை. அங்கே ஹோட்டல்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கலியாண வீடும் அப்படித்தான். காத்தான்குடியிலோ கல்முனையிலோ பெண்கள் இருக்கும் பகுதிக்குள் வீட்டார் சொல்லாமல் கமராவைக் கொண்டு போகவே கூடாது. சாமத்திய வீட்டில், அதாவது பூப்பெய்திய பிள்ளையின் சடங்கில், நிற்பது சின்னப் பிள்ளை. தாயைக் கேட்காமல் ஒரு படமும் வேண்டாம்.

காட்சிக்கு உரிமை இல்லை என்றதும் சிலர் அடுத்த பிழைக்குப் போய்விடுவார்கள். போட்டோக்காரர் தன் கமராத் திரையில் ஜோடிக்குப் படத்தைக் காட்டும்போது, தோளுக்கு மேலால் எட்டி அந்தத் திரையை போனில் எடுப்பது. இதில் நீங்கள் எடுப்பது காட்சியை அல்ல, இன்னொருவர் எடுத்து முடித்த படத்தை. அது பிரதி பண்ணுவது. இங்கே சட்டம் படத்தின் உரிமையாளர் பக்கம்.

எடுத்ததோடு நின்றாலும் பரவாயில்லை. பெரும்பாலான சண்டை வெளியிடுவதில்தான் வருகிறது. நான் ஆரம்பித்த காலத்தில் ஒரு ஜோடியைத் தூரத்திலிருந்து எடுத்து, வெயில் நன்றாக விழுந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அன்றைக்கே பேஸ்புக்கில் போட்டுவிட்டேன். பின்னேரம் பெண்ணின் தமையன் போன் எடுத்தார். “தம்பி, எங்கட வீட்டுக் கலியாணத்த எங்கட சொந்தக்காரருக்கு நாங்களே இன்னும் சொல்லல்ல. நீங்க ஏன் சொன்னீங்க?” என்னிடம் பதில் இல்லை. இந்த ஊரில் ஒரு படம் ஆரையம்பதியிலிருந்து வாழைச்சேனைக்குப் போக ஐந்து நிமிடம் போதும். பதிப்புரிமை என்னிடம் இருந்தது உண்மை. முகம் என்னுடையதில்லையே. ஒருவரின் மானத்தைக் கெடுக்கும்படி படத்தைப் பயன்படுத்தினால் நம் நாட்டுச் சிவில் சட்டத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போடவும் வழி இருக்கிறது.

இதைவிட மோசம், அந்தப் படத்தை ‘எங்கள் ப்ரீஷூட்’ (கலியாணத்துக்கு முன் எடுக்கும் ஷூட்) என்று தன் ஸ்டூடியோப் பக்கத்தில் போடுவது. மேக்கப் அக்கா நாலு மணிக்கு எழும்பியிருப்பார். சாரி, பூ, இடம், நேரம் எல்லாம் இன்னொருவர் யோசித்தது. நீங்கள் செய்தது ஷட்டரை அழுத்தியது மட்டும். அதைப் பார்த்து ஓடர் தருகிற வாடிக்கையாளரை ஏமாற்றுகிறீர்கள். தொழிலில் இருப்பவர்கள் இதைக் களவு என்றே சொல்வார்கள். சட்டப் புத்தகத்தைக் காட்டி அந்தப் பெயரிலிருந்து தப்ப முடியாது.

வெளிச்சத்தால் வரும் தொல்லை பலருக்குத் தெரிவதில்லை. ஷூட் நடத்தும் போட்டோக்காரரின் பிளாஷ், இன்னொரு பிளாஷின் வெளிச்சம் பட்டதும் தானும் வெட்டும் ஒப்டிக்கல் ஸ்லேவ் மோடில் இருந்தால், உங்கள் பிளாஷ் வெட்டும்போது அதுவும் சேர்ந்து வெட்டும். திரும்ப சார்ஜ் ஏற ஓரிரு செக்கன். அந்த நேரத்தில்தான் பெண் இயல்பாகச் சிரிப்பாள், அவருக்கு இருட்டுப் படம் கிடைக்கும். ரேடியோ அலையால் பிளாஷை வெட்ட வைக்கும் ரேடியோ டிரிகர் என்றாலும் ஒரே கம்பனி, ஒரே சனல் என்றால் இதே கதைதான். வாங்கிய நாளிலிருந்து முதலாம் சனலை மாற்றாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆகவே பிளாஷை நிறுத்துங்கள். அப்புறம் அவர் தோளுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். நின்றால் மாப்பிள்ளை உங்கள் லென்ஸைப் பார்ப்பார், பெண் அவருடையதைப் பார்ப்பாள். குரூப் படத்தில் பாதிக் கண்கள் மாமாவின் போனை நோக்கித் திரும்பியிருப்பது இப்படித்தான்.

ட்ரோனைப் பற்றி நீட்டவில்லை. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, மட்டக்களப்பு விமான நிலையமும் நகருக்குப் பக்கத்தில்தான். அடுத்தவர் ஷூட்டுக்கு மேலே அதைப் பறக்க விடுவது எப்படிப் பார்த்தாலும் அடாத்து.

சரி, ஷூட் நடத்துகிறவர் பக்கம். ஆறு மாதத்துக்கு முன்பே பேசி வைத்த ஷூட் என்பதற்காகப் பாலம் நமக்குச் சொந்தமாகிவிடாது. ‘டிலீட் பண்ணு’ என்று ஒருவரின் போனைப் பறிக்க நமக்கு ஓர் உரிமையும் கிடையாது. கேட்கலாம், அவ்வளவுதான். ‘என் பதிப்புரிமை’ என்று கத்துகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு கொடுத்துச் செய்விக்கும் வேலையில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், பொருளாதார உரிமை செய்வித்தவருக்கே என்று அதே 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எடுத்தவர் என்ற பெயர் நமக்கு. விற்கும் உரிமை அந்த ஜோடிக்கு. ஓடர் எடுக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காதவர்கள் நடுப்பாலத்தில் நின்று உரிமை பேசக் கூடாது.

அடுத்தவர் ஷூட்டில் படம் எடுக்க அனுமதி கேட்பது கஷ்டமில்லை. அவர் லென்ஸ் மாற்றும் நேரம் பார்த்து, “அண்ணன், நீங்க வேல செய்றத ரெண்டு படம் எடுக்கட்டா? அவங்கட முகம் வராது” என்றால் பத்தில் எட்டுப் பேர் தலையாட்டுவார்கள். போட்டோக்காரரிடம் எல்லாருடைய படமும் இருக்கும், தன்னுடையது இருக்காது. போன மாதம் ஒரு பொடியன் இப்படிக் கேட்டுவிட்டு, நான் பாலத்தில் மல்லாந்தும் குப்புறவும் புரண்டுகொண்டிருந்ததை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சேட்டின் பின்பக்கம் முழுக்கத் துரு. வீட்டில் அதைத்தான் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.