மலையகத்திலிருந்து பொறியியல் பீடத்துக்கு: ஏ.எல் எடுக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த இரவே எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, இந்த இசட் புள்ளிக்கு இன்ஜினியரிங் கிடைக்குமா?" அந்தக் கேள்விக்கான பாதிப் பதில் ஓ.எல் (சாதாரணதரப் பரீட்சை) முடிந்த கையோடு எடுத்த முடிவுகளிலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி என்னவென்று மூன்றாவது பகுதியில் சொல்கிறேன்.

1. பிரிவைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள்

பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். தொழில்நுட்பப் பிரிவில் படித்தால் கிடைப்பது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். அதுவும் நல்ல படிப்புதான், ஆனால் பொறியியல் பட்டம் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஏமாந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

2. பாடசாலை மாறுவதற்கு முன் மாவட்டத்தைப் பாருங்கள்

இதை நிதானமாக வாசியுங்கள். பொறியியலுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு, கொழும்பும் கண்டியும் இல்லை.

உங்கள் மாவட்டம் எது என்பதை தோட்டத்து லய வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதே கணக்கு. எங்கள் பக்கம் கணித ஆசிரியர் தட்டுப்பாடு உண்மையானது, அதனால் வெளியே போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நுவரெலியா மாவட்டத்து ஹட்டனில் படித்தவர் ஏ.எல்லுக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ மாறினால் எந்த வெட்டுப்புள்ளியோடு (அந்த மாவட்டத்தில் கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி) போட்டியிட வேண்டிவரும் என்று முதலில் பாருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்த விதி தெளிவாக இருக்கிறது. அதை வீட்டாரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

3. இசட் புள்ளியை விளங்கிக்கொள்ளுங்கள்

ஒரு பாடத்தில் நீங்கள் 65 எடுத்தீர்கள், எல்லோருடைய சராசரி 35, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) 20 என்று வையுங்கள். 65இலிருந்து 35ஐக் கழித்து 20ஆல் வகுத்தால் 1.5. மூன்று பாடங்களுக்கும் இப்படி எடுத்துச் சராசரி பார்த்தால் அதுதான் உங்கள் இசட் புள்ளி. ஒரு பாடத்தைக் கைவிட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து தூக்குவது கஷ்டம். ஏ.எல்லோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. விண்ணப்பத்தில் பல்கலைக்கழகங்களை விருப்பப்படி வரிசைப்படுத்துங்கள்

மொறட்டுவை, பேராதனை, ருகுணு, யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகியவற்றில் பொறியியல் பீடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தின் பீடம் இருப்பது கிளிநொச்சியில். எங்கும் ஆங்கிலத்தில்தான் விரிவுரை.

போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, ஆசைப்பட்டதைக் கீழே தள்ளாதீர்கள். உங்கள் புள்ளிக்கு எட்டுகிறவற்றில் பட்டியலில் மேலே உள்ளதே கிடைக்கும். மொறட்டுவையை முதலில் போட்டதற்காகப் பேராதனை கைநழுவாது. பேராதனையை மேலே போட்டால், பிறகு மொறட்டுவை எட்டினாலும் தர மாட்டார்கள்.

என் பட்டியலில் பேராதனையே முதலாவது. ரயிலேறினால் அன்றைக்கே அம்மாவைப் பார்க்கலாம் என்பதும் ஒரு காரணம். சிவிலா, இலத்திரனியலா, கணினியா என்பது அங்கு முதல் வருடப் பெறுபேறு வந்த பிறகுதான் தீர்மானமாகும். அதனால் உள்ளே போன பிறகும் படிப்பில் கை தளரக்கூடாது.

5. கடிதத்தைத் தேடிப் போங்கள்

எனக்கு வந்த பதிவுக் கடிதம் தோட்டத்து அலுவலக மேசையில் பல நாள் கிடந்தது. கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய அம்மா எதேச்சையாகக் கண்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்து வந்தார். பதிவுக்கு இரண்டு நாள்தான் மிச்சமிருந்தது. திகதி தவறினால் இடம் போய்விடும். விண்ணப்பத்தில் உங்கள் கையிலேயே இருக்கும் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். தெரிவு முடிவு வெளியானதும் இணையத்தில் நீங்களே பாருங்கள், அலுவலகத்திலும் தினமும் போய்க் கேளுங்கள்.