பழைய காருக்குப் புதிய பேட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் வாங்கிய கையோடு தாமே பேட்டரியை மாற்ற முனையும் இளைஞர்கள், எங்கள் காலத்தில் பலரும் பணத்தைத் தொலைத்த அதே இடத்தில் மறுபடியும் தொலைப்பதைப் பார்க்கிறேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைக் கழுவுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எர்த் எது என்று பாராமல் மாட்டுவது

1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது வண்டியின் பாடியோடு இணையும் முனை. மோரிஸ் மைனரும் அப்படித்தான். நெகட்டிவை பாடியில் இணைத்தே பழகிய கை, இங்கும் யோசியாமல் அதையே செய்துவிடுகிறது. இதில் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, அப்படி மாட்டினாலும் வண்டி கிளம்பிவிடும் என்பதுதான். செல்ஃப் மோட்டாரில் ஃபீல்டும் (அசையாத காந்தச் சுருள்) ஆர்மேச்சரும் (சுழலும் சுருள்) சேர்ந்தே முனை மாறுவதால் அது வழக்கமான பக்கமே சுற்றும். விளக்குகளுக்கோ முனை பேதம் கிடையாது. மாட்டியவரும் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ, தன் இரும்பில் எஞ்சிய காந்தத்தைக் கொண்டு பழைய முனைப்படியே மின்சாரம் தரும். வேகம் ஏறி, டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் தானியங்கி சுவிட்சான கட்-அவுட் மூடியதும், டைனமோ, பேட்டரி இரண்டின் வோல்டேஜும் ஒன்றுகூடி, ஷார்ட் ஆனது போன்ற பெரும் மின்னோட்டம் பாயும்.

நண்பர் ஒருவரின் மைனரில் கட்-அவுட் முனைகள் வெல்டிங் வைத்தாற்போல் ஒட்டிக்கொள்ள, எஞ்சினை நிறுத்திய பிறகும் ஒயரின் உறை உருகிப் புகைந்துகொண்டிருந்தது. பானெட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பேட்டரியின் பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடச் சற்றுப் பருமன். அதில் நுழையாத சிறிய கிளாம்பை யாரோ ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி அகட்டித் திணித்திருந்தார், எர்த் பட்டையின் பெரிய கிளாம்ப் மெல்லிய முனையில் ஆடாதிருக்கத் தகரத் துண்டு ஒன்றையும் செருகியிருந்தார். கிளாம்ப் தானாகப் பொருந்தவில்லை என்றால் அங்கேயே கையை நிறுத்த வேண்டும்.

வேண்டுமென்றே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுபவர்கள், எஞ்சினைக் கிளப்பும் முன், டைனமோவின் 'எஃப்' (ஃபீல்டு) முனையிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரை அந்த 'எஃப்' முனையில் சில முறை நொடிப்பொழுது தொட்டெடுக்க வேண்டும். அப்போதுதான் டைனமோவில் எஞ்சிய காந்தமும் முனை மாறும். இக்னிஷன் காயிலின் இணைப்புகளையும் இடம் மாற்ற வேண்டும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் அதை முதலிலேயே துண்டித்துவிட வேண்டும்.

'முதலில் நெகட்டிவ்' என்று கழற்றுவது

முதலில் கழற்ற வேண்டியது எர்த். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அது பாசிட்டிவ்.

ஷெட்டில் நின்றபடியே ஓடவிடுவது

ஐடிலிங்கில் டைனமோ ஏறக்குறைய எதுவுமே தராது. செல்ஃப் குடித்தது கூடத் திரும்பாது. 12.4 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். ஓட்டாத மாதங்களில் தானாகக் கட்டுப்படும் சார்ஜரே நல்லது. அதை மாட்டும்போது எர்த்தைப் பார்க்க வேண்டாம், பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ்தான்.

6 வோல்ட் வண்டிக்கு மெல்லிய கேபிள்

கூடாது. 12 வோல்ட் வண்டியோடு ஒப்பிட்டால், அதே வேலைக்கு இரு மடங்கு ஆம்பியர் பாய வேண்டியிருக்கிறது.