எடை மெஷினிலிருந்து பைத்தானுக்கு: சீரியல் போர்ட் முதல் பாடம்

பல எடை மெஷின்களின் முதுகில் 9 பின் கொண்ட ஆர்எஸ்-232 போர்ட் இருக்கும். தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் போர்ட் இது. 1960-இல் வந்த தரம், இன்னும் ஓடுகிறது. அதில் வரும் எடையைப் பைத்தானில் படிப்போம். யூஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்று போதும்.

1. பைசீரியல் லைப்ரரியை நிறுவுங்கள். இம்போர்ட் செய்யும்போது மட்டும் அதன் பெயர் வெறும் 'சீரியல்'. உங்கள் கோப்புக்கும் அதே பெயரை வைத்துவிடாதீர்கள். பைத்தான் லைப்ரரியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

2. கேபிளைச் செருகி, போர்ட்டின் பெயரைப் பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் 'காம்3' போல இருக்கும். உபுண்டுவில் அனுமதி இல்லை என்று வந்தால், உங்கள் கணக்கை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள்.

3. மெஷினை இப்போதே மாட்டாதீர்கள், முதலில் கேபிளைச் சோதியுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு, பழுதான கேபிளோடு ஒரு இரவு முழுக்க நிரலைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கேபிள் முனையில் 2-ஆம் பின்னில் தரவு வரும், 3-ஆம் பின்னில் போகும், 5 கிரவுண்ட். 2-ஐயும் 3-ஐயும் ஒரு ஜம்பர் வயரால் இணைத்து 'வணக்கம்' என்று அனுப்புங்கள். போர்ட்டுக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். அதனால் எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் என்கோட் செய்ய வேண்டும். நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு 21 பைட். அந்த 21-ம் திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், நிரல் மூன்றும் சரி. வயரை உருவியதும் வருவது நிற்க வேண்டும்.

4. அப்புறம் மெஷினின் கையேட்டைப் பாருங்கள். 9600 பாட் வேகம், 8 தரவு பிட், பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லை, முடிவைக் குறிக்கும் 1 ஸ்டாப் பிட் என்பது பரவலான அமைப்பு. வேகம் பொருந்தாவிட்டால் எண்களுக்குப் பதில் கிறுக்கல் குறிகள் வரும். வயர் சோதனையில் இது தெரியாது, அங்கே இரண்டு முனையும் நம்முடையதே.

5. போர்ட்டைத் திறக்கும்போது டைம்அவுட் 1 வினாடி கொடுங்கள். கொடுக்காவிட்டால், தரவு வராதபோது நிரல் அப்படியே காத்துக்கிடக்கும். தரவு துண்டு துண்டாகத்தான் வரும்: 2.450 கிலோ முதலில் '2.4' என்றும் பிறகு '50' என்றும் வரலாம். முதல் துண்டை நம்பினால் பில்லே தவறிவிடும். எனவே 'ரீட்லைன்' கொண்டு வரி வரியாகப் படியுங்கள். முதல் வரியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நாம் நடுவில் நுழைந்திருப்போம்.

ஒன்றுமே வரவில்லையா? 2-ஐயும் 3-ஐயும் குறுக்காக மாற்றும் நல் மோடம் கேபிள் தேவைப்படலாம். அல்லது, கட்டளை அனுப்பிக் கேட்டால்தான் பதில் சொல்லும் மெஷினாக இருக்கும்.

ஒன்று முக்கியம்: இதே கேபிளை ஆர்டுயினோ போன்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் பின்களில் நேரடியாக மாட்டாதீர்கள். ஆர்எஸ்-232இல் மின்னழுத்தம் மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை போகலாம். 5 வோல்ட் சிப் தாங்காது. நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மேக்ஸ்232 சிப்பை வையுங்கள்.