வீட்டுல இருக்கவங்க கொரோனா ஊசி போட்ட கதைய ரெக்கார்ட் பண்ணி எழுதி வைக்கிறது எப்படி? (முதல் தடவை செய்றவங்களுக்கு)

எங்க வீட்டுல முதல்ல கொரோனா ஊசி போட்டுக்கிட்டது பாட்டிதான். 2021 மார்ச் 1ல இருந்து அறுபது வயசு தாண்டினவங்களுக்கு போட ஆரம்பிச்சாங்கல்ல, அந்த மாசமே தம்பி கூட்டிட்டு போயிட்டான். அன்னைக்கு அவன் எடுத்த ஒரு போட்டோ இருக்கு, பச்சை கலர் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து இடது கையில பஞ்ச அழுத்தி பிடிச்சிட்டு, மாஸ்க் மூக்குக்கு கீழ எறங்கி, எங்கயோ பாத்துட்டு இருப்பாங்க. 2023ல பாட்டி தவறிட்டாங்க. அந்த போட்டோவ பாக்குறப்பலாம் அன்னைக்கு பயந்தாங்களா, யார பாத்துட்டு இருந்தாங்க, வீட்டுக்கு வந்து என்ன சாப்பிட்டாங்கன்னு மனசு கேக்குது, ஆனா உயிரோட இருந்தப்ப ஒரு வார்த்தை கேட்டு வெக்கல. அந்த ஏக்கத்துலதான் மத்தவங்ககிட்டயாவது கேட்டு வெச்சிடணும்னு போன வருஷம் உக்காந்தேன். அப்பா, அம்மா, அத்தை, தம்பி நாலு பேர் கதையும் இப்ப என்கிட்ட இருக்கு. நான் எப்படி செஞ்சேனோ அத அப்படியே சொல்றேன், ஒரு போனும் ஒரு நோட்டும் இருந்தா போதும்.

ஸ்டெப் 1: பேச்சுக்கு முன்னாடி பேப்பர்

நேரா போய் கேள்வி கேக்காதீங்க. முதல்ல சர்டிபிகேட்ட எடுத்து வெச்சுக்கோங்க. கோவின் சைட்டுல அன்னைக்கு குடுத்த அதே மொபைல் நம்பர போட்டு ஓடிபி வாங்கி எடுக்கலாம், உமாங் ஆப், டிஜிலாக்கர்லயும் கிடைக்கும். ஒரே நம்பர்ல வீட்டுல நாலு பேருக்கு பதிஞ்சிருப்பாங்க, அதனால ‘அம்மா பேர்ல எதுவும் வரலயே’னா அண்ணன் நம்பர், பக்கத்து வீட்டு பையன் நம்பர்னு விசாரிச்சு பாருங்க. எங்க அத்தையோடது மருமகன் நம்பர்ல கிடந்துச்சு.

சர்டிபிகேட்ல ஊசி பேரு, டோஸ் தேதி, பேட்ச் நம்பர், போட்ட நர்ஸ் பேரு, போட்ட இடம் எல்லாம் இருக்கும். ஒரு நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி தேதிய மட்டும் மேல எழுதிக்கோங்க.

இது எதுக்குன்னா மனுஷ ஞாபகம் தேதிய வெச்சுக்காது. அம்மா அடிச்சு சொன்னாங்க, சித்திரைலதான் போட்டேன், மாங்கா ஊறுகாய் போட்ட மறுநாள்னு. சர்டிபிகேட்ல ஜூன் 11னு இருக்கு. ‘நீ தப்பு’ன்னு சொல்லாம, ஊறுகாய்க்கு மாங்கா எங்க வாங்குனீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ‘தெருவுக்கு காய்கறி வண்டி வந்துச்சே, அதுல வாங்குனேன், கடையெல்லாம் மூடி கிடந்துச்சு’ன்னாங்க. 2021 மே 24ல இருந்து கடுமையான ஊரடங்கு போட்டப்ப ஓடுன நடமாடும் காய்கறி வண்டி அது. அப்ப ஊறுகாயும் சித்திரைல போட்டது இல்ல. தேதி தப்பா இருந்தாலும் அந்த ஊறுகாய் உண்மை, அதனால ரெண்டையும் எழுதி வெச்சேன்.

ஸ்டெப் 2: அந்த நாள் லிஸ்ட்ட கையில வெச்சுக்கோங்க

அவங்க சொல்றது புரியணும்னா அப்ப வெளில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும். நோட்டோட கடைசி பக்கத்துல நான் எழுதிக்கிட்டது இவ்வளவுதான்: 2021 ஜனவரி 16 டாக்டர், நர்ஸ் மாதிரி முன்களத்துல இருந்தவங்களுக்கு ஆரம்பம். மார்ச் 1 அறுபது வயசுக்கு மேல, கூடவே நாப்பத்தஞ்சு தாண்டி சுகர், இதய நோய் மாதிரி இருக்கவங்க. ஏப்ரல் 1 நாப்பத்தஞ்சு தாண்டுன எல்லாரும். மே 1 பதினெட்டு வயசு தாண்டுனவங்க. ஜூன் 21ல இருந்து பதினெட்டு தாண்டுன எல்லாருக்கும் மத்திய அரசே வாங்கி இலவசமா குடுத்துச்சு. செப்டம்பர் 12 தமிழ்நாட்டுல முதல் மெகா முகாம். 2022 ஜனவரி 3 பதினஞ்சுல இருந்து பதினெட்டு வயசு பசங்க, ஜனவரி 10 மூணாவது டோஸ்.

ஸ்டெப் 3: போன ரெடி பண்றது

ப்ளேஸ்டோர்ல எதையும் தேட வேணாம், போன்லயே இருக்க வாய்ஸ் ரெக்கார்டர் போதும். ஏரோப்ளேன் மோட் போட்டுடுங்க, பாதில யாராவது கால் பண்ணா ரெக்கார்டிங் நின்னுடும். ஃபேன ஆஃப் பண்ணுங்க, முடியலன்னா ஒண்ணுல வைங்க. போன வெறும் டேபிள் மேல வைக்காம ஒரு துண்ட மடிச்சு அதுக்கு மேல வைங்க, இல்லன்னா டம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி கேக்கும். முதல்ல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி கேட்டு பாத்துட்டு அப்புறம் ஆரம்பிங்க.

முக்கியமா, ரெக்கார்ட் பண்றேன்னு சொல்லிட்டு பண்ணுங்க. தெரியாம பண்றது தப்பு, அது சொந்த அப்பாவா இருந்தாலும் சரி.

ஸ்டெப் 4: கேள்வி

இதுலதான் எல்லாமே இருக்கு. முதல்ல நான் அப்பாகிட்ட ‘ஊசி போட்ட அனுபவம் எப்படிப்பா இருந்துச்சு’ன்னு கேட்டேன். ‘என்ன, போட்டோம், வந்தோம்’னு முடிச்சிட்டாரு. அப்படி கேட்டா அப்படித்தான் பதில் வரும். அனுபவம்னு கேக்காதீங்க. எத்தன மணிக்கு கிளம்புனீங்க, வண்டில போனீங்களா நடந்தா, கூட யாரு வந்தா, டோக்கன் நம்பர் என்ன, வரிசைல முன்னாடி நின்னது யாரு, எந்த சட்டை போட்டிருந்தீங்க, இப்படி சின்ன சின்னதா கேளுங்க.

அப்பாகிட்ட டோக்கன் பத்தி கேட்டதுமே பேச்சு மாறிடுச்சு. அது 2021 ஏப்ரல் 9. டோக்கன் ஏழு, ஆனா ஏழாவது ஆளா போனாலும் உடனே போடல, நர்ஸம்மா வெளில வந்து ‘ஏழு பேர்தான் இருக்கீங்க, இன்னும் மூணு பேர் வரட்டும் சார், பாட்டில ஒடச்சா பத்து பேருக்கு போட்டாகணும்’னு சொல்லிட்டாங்களாம். அப்பாவுக்கு போட்ட கோவிஷீல்டு ஊசி ஒரு பாட்டில்ல பத்து டோஸ், ஆளுக்கு அரை மில்லி, தொறந்தா நாலு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மிச்சம் இருந்தா கொட்டத்தான் வேணும். அப்பா என்ன பண்ணாரு தெரியுமா, நேரா எதிர்த்தாப்ல இருந்த டீக்கடைக்கு போயி ‘நாப்பத்தஞ்சு தாண்டுனவங்க யாரு இருக்கீங்க, ஆதார் இருக்கா’ன்னு கேட்டிருக்காரு. டீ மாஸ்டர் ஒருத்தரு, வாழக்கா லோடு எறக்கிட்டு இருந்தவரு ஒருத்தரு, பேப்பர் படிச்சிட்டு இருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு, மூணு பேரையும் கூட்டிட்டு வந்துட்டாரு. லோடு எறக்குனவருக்கு சட்டைல வாழக்கறை, ‘இப்படியே வரலாமா’ன்னு தயங்குனாராம். எங்க அப்பா இத வீட்டுல ஒரு தடவ கூட சொன்னதில்ல. நாலு வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் டோக்கன் நம்பர கேட்டப்பதான் வெளில வந்துச்சு.

அதனால கேட்டுட்டு சும்மா இருங்க. அவங்க யோசிக்கிறப்ப நீங்க அடுத்த கேள்விய போட்டுடாதீங்க, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, பாதி நேரம் நல்ல விஷயம் அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் வரும்.

பொம்பளைங்ககிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு தனியா இருக்கு, என்ன உடுத்திட்டு போனீங்கன்னு. ஊசி தோள்பட்டைக்கு கீழ சதைல போடணும், அம்மா போட்டிருந்த ஜாக்கெட் கை முழங்கை வரைக்கும் இறுக்கமா இருந்துச்சாம், மேல ஏத்தவே முடியல, பின்னாடி ஆம்பளைங்க வரிசை வேற. கூட நின்ன முன்ன பின்ன தெரியாத ஒரு அம்மா தன்னோட துப்பட்டாவ விரிச்சு மறைச்சு பிடிச்சுக்கிட்டாங்களாம். அத சொல்றப்ப அம்மா கையாலயே துப்பட்டாவ விரிக்கிற மாதிரி காட்டுனாங்க. இந்த மாதிரி கை அசைவெல்லாம் ரெக்கார்டிங்ல வராது, நோட்டுல குறிச்சுக்கோங்க.

ஸ்டெப் 5: போட மாட்டேன்னு சொன்னவங்ககிட்ட வாதாடாதீங்க

எங்க அத்தை ரொம்ப நாள் போடல. காரணம் நடிகர் விவேக். 2021 ஏப்ரல் 15 சென்னை ஓமந்தூரார் ஆஸ்பத்திரில எல்லாரும் பாக்க ஊசி போட்டுக்கிட்டாரு, மறுநாள் மாரடைப்பு, 17ம் தேதி காலைல இறந்துட்டாரு. டிவில அந்த ரெண்டு நாளும் அத்தை அழுதுட்டே இருந்தாங்களாம். ‘மரம் நட்ட மனுசனுக்கே இந்த கதின்னா நான் எம்மாத்திரம்’னு சொன்னாங்க. அவரோட சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டருங்க அப்பவே சொன்னாங்க, மத்திய அரசோட நிபுணர் குழுவும் ஆராய்ஞ்சு அதையேதான் அக்டோபர்ல சொல்லுச்சு. ஆனா ரெக்கார்ட் பண்றப்ப இத நான் அத்தைகிட்ட சொல்லல. அந்த பயம் அன்னைக்கு நிஜமா இருந்துச்சு, அதுதான் பதிவாகணும். உண்மை தகவல அப்புறமா எழுதறப்ப கீழ தனியா போட்டுக்கலாம்.

கேக்க வேண்டியது ‘ஏன் போடல’ இல்ல, ‘அப்புறம் எப்படி மனசு வந்துச்சு’ங்கறதுதான். அத்தை சொன்னது இது: செப்டம்பர் 12 ஞாயித்துக்கிழமை, ஊர் ஸ்கூல்ல முகாம், ஆட்டோல மைக் கட்டி காலைல இருந்து சொல்லிட்டு போறாங்க, அத்தை கதவ சாத்திட்டு உள்ள இருந்திருக்காங்க. பத்து மணிக்கு கிராம நர்ஸம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி அத்தையோட ரெண்டு புள்ளைங்களுக்கும் போலியோ சொட்டு மருந்து, அம்மை ஊசி எல்லாம் போட்டது இவங்கதான். திண்ணைல உக்காந்து, ‘உன் புள்ளைங்கள என்கிட்ட குடுத்தியே, உன் கைய குடுக்க மாட்டியா’ன்னு கேட்டாங்களாம். அத்தை எந்திரிச்சு செருப்ப மாட்டிட்டு கூடவே போயிட்டாங்க. அன்னைக்கு ஒரே நாள்ல தமிழ்நாடு முழுக்க 28 லட்சத்துக்கு மேல ஊசி போட்டாங்க, அதுல ஒண்ணு எங்க அத்தையோடது. எந்த அறிக்கைக்கும் அவங்க காத்திருக்கல, தெரிஞ்ச முகம் ஒண்ணு வந்து கூப்பிட்டுச்சு, போனாங்க. இன்னும் பயத்தோட இருக்கவங்க உங்க வீட்டுல இருந்தா இந்த இடத்த மட்டுமாவது படிச்சு காட்டுங்க.

அதே தெருவுல சில பேர் அன்னைக்கு கறி எடுத்துட்டோம், ஊசி போட்டா ஒத்துக்காதுன்னு வராம இருந்திருக்காங்க. கறிக்கும் ஊசிக்கும் ஒண்ணும் சம்பந்தம் இல்ல, ஆனா இந்த நம்பிக்கை எவ்வளவு பரவலா இருந்துச்சுன்னா அக்டோபர்ல முகாமையே சனிக்கிழமைக்கு மாத்துனாங்க.

கோவமும் அப்படித்தான், சொல்ல விடுங்க. அப்பா ரெண்டாவது டோஸுக்கு மே கடைசில போனப்ப திருப்பி அனுப்பிட்டாங்க, மருந்து தீந்துபோனத மறைக்கிறாங்கன்னு இன்னும் ஆத்திரமா சொல்றாரு. மே 13ல கோவிஷீல்டு ரெண்டு டோஸுக்கு நடுவுல 12 முதல் 16 வாரம் இடைவெளி வேணும்னு மாத்துனாங்க, அத யாரும் நின்னு நிதானமா சொல்லல, அறுபது வயச நெருங்குன மனுஷன் வெயில்ல நடந்து போயி திரும்பி வந்திருக்காரு. அவர் கோவத்துல நியாயம் இருக்கு. 84 நாள் கழிச்சு ஜூலைலதான் போட்டாங்க.

ஸ்டெப் 6: ஒடம்புக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறது

போட்டதுல இருந்து அடுத்த மூணு நாள மணி கணக்குல கேளுங்க. அரை மணி நேரம் உக்கார வெச்சாங்களா, ராத்திரி குளிர் எப்ப வந்துச்சு, பாராசிட்டமால் எத்தன போட்டீங்க. தம்பி ப்ரைவேட்ல 780 ரூபா குடுத்து போட்டான், அதுக்கு முன்னாடி ஒரு மாசமா ஸ்லாட் ஓபன் ஆகுறத பாத்து பாத்து ஓடிபி வர்றதுக்குள்ள போயிடும், அதான் அவனுக்கு பெரிய கதை, ஜுரம் ஒரு ராத்திரியோட போச்சு. அத்தைக்கு ரெண்டு நாள் கைய தூக்க முடியாம அரைக்க வெச்ச உளுந்து புளிச்சு போச்சு. கேட்டத அப்படியே எழுதுங்க, இதனாலதான் அது வந்துச்சுன்னு நீங்களா முடிவு பண்ணி எழுதாதீங்க. யாருக்காவது இன்னும் ஒடம்புல தொந்தரவு இருக்குன்னு சொன்னா ரெக்கார்டர நிறுத்திட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறதுதான் முதல் வேலை.

ஸ்டெப் 7: எழுதுறது, பத்திரப்படுத்துறது

ஃபைலுக்கு ‘அத்தை ஊசி கதை’ன்னு பேரும் ரெக்கார்ட் பண்ண தேதியும் போட்டு சேவ் பண்ணுங்க. வாய்ஸ் டைப்பிங் போட்டா தமிழ் ஓரளவு வரும், ஆனா பேச்சு தமிழ தப்பு தப்பா அடிக்கும், ஒரு தடவ கேட்டுட்டே சரி பண்ணிடுங்க. அவங்க ‘ஒடச்சா’ன்னு சொன்னா ‘உடைத்தால்’னு மாத்தாதீங்க. கூகுள் டிரைவ்ல ஒண்ணு, பென்டிரைவ்ல ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல வைங்க. சர்டிபிகேட் போட்டோவ ஸ்டேட்டஸ்லயோ குரூப்லயோ போடாதீங்க, அதுல க்யூஆர் கோடு, ஐடி விவரம்லாம் இருக்கு.

எழுதி முடிச்சதும் அவங்களுக்கே படிச்சு காட்டுங்க, எது வேணாம்னு சொல்றாங்களோ எடுத்துடுங்க. பொங்கலுக்கு எல்லாரும் வந்தப்ப அப்பா கதைய நான் சத்தமா படிச்சேன். டீக்கடை வந்ததும் அப்பா நிறுத்த சொன்னாரு. ‘மூணு பேர் இல்லம்மா, நாலு பேர கூட்டிட்டு வந்தேன். நாலாவது ஆளுக்கு ஆதார் இல்ல, வீட்டுக்கு போயி எடுத்துட்டு வர்றதுக்குள்ள பத்து பேர் ஆயிடுச்சு. அவரு அடுத்த பாட்டிலுக்கு உக்காந்துட்டு இருந்தாரு, நானும் கூட உக்காந்திருந்தேன்.’ எவ்வளவு நேரம்னு கேட்டேன். ரெண்டு மணி நேரம்னாரு. அத கீழ தேதி போட்டு சேத்து எழுதிட்டேன்.