டயாலிசிஸ் நேரத்தில் செய்யக்கூடிய எளிய மூச்சுப் பயிற்சி

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுத்திருக்கும் சிறுநீரக நோயாளிகள், அந்த நேரத்தில் 10 நிமிடங்களை மூச்சுப் பயிற்சிக்கு ஒதுக்கினால், படபடப்பும் உடல் இறுக்கமும் தணிய அது உதவும். மருத்துவரின் ஒப்புதலைப் பெற்றபின் தொடங்குங்கள்.

தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திச் சாய்ந்துகொண்டு, ஊசி குத்தாத கையை வயிற்றின்மேல் வையுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கை அசையாமல் இருக்கட்டும். மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கின் வழியாக மூச்சை இழுக்கும்போது, வயிற்றின்மேல் உள்ள உள்ளங்கை மெல்ல மேலெழ வேண்டும். நெஞ்சு மட்டும் உயர்ந்தால் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசை) நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று பொருள். பிறகு, விளக்குச் சுடரை அணைக்காமல் அசையச் செய்வதுபோல உதடுகளைக் குவித்து, ஆறு எண்ணும்வரை காற்றை மெதுவாக வெளியே விடுங்கள்.

மூச்சை அடக்கி முக்குவது கூடவே கூடாது. அது இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றி இறக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சிகிச்சையின் பிற்பகுதியில் இரத்த அழுத்தம் குறையும் வாய்ப்பு அதிகம் என்பதால், முதல் 2 மணி நேரத்துக்குள் பயிற்சியை முடித்துக்கொள்வது நல்லது. தலை சுற்றினாலோ விரல் நுனி மரத்தாலோ நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

இயந்திரத்துக்குப் பதிலாக வயிற்றுக்குள் திரவத்தைச் செலுத்தி வெளியேற்றும் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, அந்தத் திரவத்தை வெளியேற்றிய பின் மூச்சு இழுப்பது எளிதாக இருக்கும்.

படுத்தவுடன் மூச்சு முட்டுவதும் கால் வீங்குவதும் உடலில் நீர் தேங்கியதன் அறிகுறிகளாக இருக்கலாம். பயிற்சியால் அதைச் சமாளிக்க முயலாமல், உடனே செவிலியரிடமோ மருத்துவரிடமோ தெரிவியுங்கள்.