நாப்கினா, துணியா, கப்பா? வளரிளம் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவிடாய் நாட்களுக்கு எதைப் பயன்படுத்துவது என்பதைக் கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் தவறு. பார்க்க வேண்டியது உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பதை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைப் பக்கமிருந்து காலையிலேயே பஸ் ஏறிக் குலசேகரத்துக்குப் படிக்க வரும் பிள்ளைக்கும், நாகர்கோவில் வடசேரியில் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பள்ளி இருக்கும் பிள்ளைக்கும் ஒரே பொருள் சரிப்படாது. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருமா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குப்பைத்தொட்டி உண்டா, துவைத்ததை உலர்த்த வீட்டில் இடம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

நாப்கின் வாங்கும்போது எக்ஸ்எல் என்பதை உடுப்பின் அளவு போல நினைத்து, ஒல்லியான பிள்ளைக்குச் சின்னது, பருமனான பிள்ளைக்குப் பெரியது என்று வாங்குகிறார்கள். அது உடம்பின் அளவு இல்லை. நாப்கினின் நீளத்தைத்தான் சொல்கிறது. பாக்கெட்டில் 240, 280, 320 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு நாளைக்கும் இரவுக்கும் நீளமானது வேண்டும், கடைசி நாட்களுக்குச் சின்னதே போதும். பேன்டி லைனர் என்று மெல்லியதாக விற்பது வெள்ளைப்படுதலுக்கும் கடைசிநாள் கறைக்கும் உள்ளது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை இரண்டாம் நாளில் வைத்தால் தாங்காது. வாசனை போட்ட நாப்கினை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வாசனைப் பொருளே சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும்.

விலை கூடினால்தான் நல்லது என்பதும் சரியல்ல. நாப்கினுக்கான ஜிஎஸ்டி 2018 ஜூலையிலேயே நீக்கப்பட்டுவிட்டது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 2019 முதல் ஒரு நாப்கின் ஒரு ரூபாய்க்கு, சுவிதா என்ற பெயரில் விற்கிறார்கள். தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் கிராம சுகாதார செவிலியர் மூலமும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம்.

எந்தப் பொருளை எடுத்தாலும் உடம்பைக் கெடுக்கும் தவறு ஒன்று உண்டு: காலையில் வைத்ததைச் சாயங்காலம் வீட்டுக்கு வரும்வரை மாற்றாமல் இருப்பது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வேர்வையும் சேரும். நாப்கின் நிறையவில்லை என்றாலும் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தொடை இடுக்கில் புண், அரிப்பு, நாற்றம் எல்லாம் வரும். சில பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நாப்கின் வைத்துச் சமாளிக்கிறார்கள். மேலே இருக்கும் நாப்கினின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாள் ரத்தத்தைக் கீழே விடாது, அதனால் இரண்டாவது வீண்தான். இதைவிடக் கவலை தருவது, கழிப்பறைக்குப் போகாமல் இருப்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. சிறுநீர்த் தொற்றுக்கு அதுவே வழி செய்துவிடும். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பையில் ஒரு நாப்கின், ஒரு பழைய பேப்பர், ஒரு மாற்று ஜட்டி எப்போதும் இருக்கட்டும். பள்ளியில் தண்ணீரோ தொட்டியோ இல்லையென்றால் அது உங்கள் பிரச்சினை மட்டும் இல்லை. டீச்சரிடம் சொல்லுங்கள். அம்மாக்கள் பெற்றோர் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்க வேண்டிய விஷயம் இது.

துணி பழைய முறை, அழுக்கு என்று ஒதுக்குவதும் தவறு, அம்மாச்சி காலத்திலிருந்து வருகிறது என்பதற்காகவே எப்படியும் பயன்படுத்தலாம் என்று நினைப்பதும் தவறு. சுத்தமான பருத்தித் துணி நல்லதுதான். ஆனால் அதை உலர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அந்த மாதங்களில் துணி இரண்டு நாள் கிடந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். வெட்கப்பட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னாலோ, பாவாடைக்கு அடியிலோ உலர்த்தினால் இன்னும் மோசம். ஈரத்துணியில் கிருமி வளரும். வெயில் நாளில் வெளிக்கொடியில் போடுங்கள். யாராவது பார்ப்பார்கள் என்று தோன்றினால் மேலே மெல்லிய துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், காற்றும் சூடும் உள்ளே போகும். மழை நாளில் ஃபேனுக்கு அடியில் நன்றாக உலர்ந்தபின் இஸ்திரி போடுங்கள். உலரவில்லை என்றால் அந்த மாதம் நாப்கினுக்கு மாறிவிடுவதே நல்லது. கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் சோப்பு. வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாக நுரைக்காது, ஒரு முறைக்கு இரண்டு முறை அலசுங்கள். அக்கா தங்கைக்குள்ளும் துணியை மாற்றிப் பயன்படுத்த வேண்டாம்.

ஒரே பொருளோடுதான் காலம் தள்ள வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. பள்ளி நாளில் நாப்கின், வீட்டில் இருக்கும்போது துணி என்று கலந்து வைத்துக்கொள்வது பல பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

கப் என்பது பிறப்புறுப்புக்குள் வைத்து ரத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும், கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சின்னக் கிண்ணம். அதைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019-ல் ‘திங்கள்’ என்ற திட்டத்தில் பெண்களுக்கு இலவசமாகக் கப் கொடுத்தது. எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி ஊராட்சி 2022-ல் நாப்கின் இல்லாத ஊராட்சி என்றே அறிவிக்கப்பட்டது. இங்கே இன்னும் கல்யாணமாகாத பிள்ளைக்கு இது ஆகாது என்றுதான் சொல்கிறார்கள். பிறப்புறுப்பின் வாயிலில் உள்ள கன்னித்திரை கிழிந்துவிடும் என்ற பயம்தான் காரணம். ஆனால் அது முழுதாக மூடிய சவ்வு இல்லை. திறப்பு இருப்பதால்தான் மாதவிடாய் ரத்தமே வெளியே வருகிறது. விளையாட்டாலும் சைக்கிள் ஓட்டுவதாலும்கூட அது மாறலாம், அதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எதுவும் முடிவுசெய்ய முடியாது. விருப்பமிருந்தால் சின்ன அளவுக் கப்பை வளரிளம் பெண்களும் பயன்படுத்தலாம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், தோழி சொன்னாள் என்பதற்காகத் தொடங்க வேண்டாம்.

தொடங்குகிறவர்கள் செய்யும் தவறு, பரீட்சை நாளில் முதல்முறையாக வைத்துப் பார்ப்பது. லீவு நாளில், வீட்டில், பதறாமல் பழகுங்கள். கை பழக இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அது உள்ளே தொலைந்துபோகாது, கருப்பை வாயின் துளை அவ்வளவு சிறியது. எடுக்கும்போது கப்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காமல், கப்பின் அடிப்பகுதியை லேசாக அழுத்திக் காற்றுப் பிடிப்பை விடுவித்து எடுங்கள். ஒவ்வொரு மாதமும் தொடங்கும்முன் கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போட வேண்டும். 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது.

பஞ்சுச் சுருள் போல உள்ளே வைக்கும் டாம்பன் என்றால் அது 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதனால் தூங்கும்போது தவிர்ப்பதே நல்லது. மிக அரிதாக, டாக்சிக் ஷாக் என்ற ஆபத்தான தொற்று வரலாம். திடீர்க் காய்ச்சல், வாந்தி, உடம்பில் சிவந்த தடிப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நீந்தப் போகிறவர்களுக்கு டாம்பனும் கப்பும்தான் உதவும், நாப்கின் தண்ணீரில் ஊறி உப்பிவிடும்.

பயன்படுத்தியதைக் கழிப்பறைக்குள் போட்டால் குழி அடைக்கும். குளத்திலும் வாய்க்காலிலும் ரப்பர் தோட்டத்து ஓரத்திலும் எறிவதை நாம் நிறுத்தியே ஆக வேண்டும். அதிலுள்ள பிளாஸ்டிக் மக்காது. பேப்பரில் நன்றாகச் சுருட்டி, மேலே சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்துத் தனியாகக் கொடுத்தால் தூய்மைப் பணியாளர் கையால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்காது.

கடைசியாக, நாப்கினை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தும் கறை நிற்கவில்லை என்றால் குறை நாப்கினில் இல்லாமல் இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்று தொடர்ந்து நனைந்தாலோ, ஏழு நாளைத் தாண்டினாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள். முதல் ஓரிரு வருடம் தேதி முன்பின்னாக வருவது இயல்பு, ஆனால் 15 வயதாகியும் வரவில்லை என்றால் பார்க்க வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம், தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போகும்போது கடந்த சில மாதத் தேதிகளையும், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றினீர்கள் என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.