ஒரு தட்டு அத்தோவை வைத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்வது எப்படி?

பிள்ளைகளுக்கு வரலாறு என்றாலே ராஜா, போர், ஆண்டு என்றுதான் ஆரம்பிக்கிறோம். ரெண்டு நிமிஷத்தில் அவர்கள் பார்வை வாசலுக்குப் போய்விடும். நடுவில் ஒரு தட்டுச் சாப்பாட்டை வைத்துப் பேசிப் பாருங்கள், இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். வியாசர்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் உட்காரவைத்து நான் செய்வது இதைத்தான். எட்டு வயசிலிருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் பொருத்தமாக இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். பத்துப் பண்டத்தைப் பற்றிப் பத்துத் துணுக்கு சொன்னால் எதுவும் மனசில் தங்காது. எங்கள் பக்கத்தில் நான் முதலில் எடுப்பது அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கலவை. வேறு ஊராக இருந்தால் உங்கள் தெருமுனையில் பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடுவது எதுவோ அதை எடுங்கள்.

பார்சல் வாங்கும்போது கடைக்காரரிடம், "ஒண்ணு கலந்து குடுங்க, இன்னொண்ணு எல்லாத்தையும் தனித்தனியா கட்டிக் குடுங்க" என்று சொல்லுங்கள். நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, கடலை மாவு, புளித்தண்ணி, மிளகாய்த் தூள், எலுமிச்சை, நொறுக்கிப் போடும் பேஜோ என்கிற மொறுமொறு தட்டை, வாழைத்தண்டு சூப் எல்லாம் தனித்தனியாக வரட்டும். கலந்ததை முதலில் சாப்பிடக் கொடுத்துவிடுங்கள். பசியோடு இருக்கிற பிள்ளையிடம் பேசுவது வீண். பிறகு செய்தித்தாளை விரித்துப் பிரித்த சாமான்களை வரிசையாக வையுங்கள். பக்கத்தில் ஓர் உலக வரைபடம், பூ கட்டும் நூல் ஒரு கண்டு. நூலின் ஒரு முனை சென்னையில் இருக்கட்டும். ஒவ்வொரு சாமானுக்கும் மறுமுனை எங்கே போகும் என்று முதலில் அவர்கள் சொல்லட்டும். அவசரப்பட்டு நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஊகித்த பிள்ளைதான் கவனித்துக் கேட்கும்.

முதல் நூல் பர்மாவுக்கு, வரைபடத்தில் மியான்மர் என்று இருக்கும். இதை நிதானமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் இது நம் தெருவின் வரலாறு. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து ஏராளமான தமிழர்கள் பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள். 1962-இல் அங்கே ஜெனரல் நீ வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகளையும் தொழில்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். என் நைனாவும் அப்படி வந்தவர்தான். நகையோ பணமோ கொஞ்சத்துக்கு மேல் கொண்டுவர அனுமதி கிடையாது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் பலருக்கு வியாசர்பாடிப் பக்கம் இடம் கொடுத்தார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்தது. அதை ஒட்டிய செகண்ட் லைன் பீச்சில் அங்கே சாப்பிட்டுப் பழகிய அத்தோவையும் மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் சூப்பையும் தள்ளுவண்டியில் போட்டு விற்றார்கள். இதைச் சொல்லும்போது பர்மாவில் பிறந்த தாத்தாவோ ஆயாவோ தெருவில் இருந்தால் கூட்டிவந்து உட்காரவையுங்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம்.

அடுத்து நூடுல்ஸ். சீனாவின் வடமேற்கில் லாஜியா என்று ஓர் இடம். அங்கே மூன்று மீட்டர் மண்ணுக்கு அடியில் ஒரு மண்கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளே மஞ்சள் நூல்நூலாக நூடுல்ஸ், சுமார் 4,000 வருஷப் பழசு. 2005-இல் இந்தச் செய்தி வெளியானது. சாப்பாட்டுக் கிண்ணம் ஏன் கவிழ்ந்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் யோசிக்கட்டும், பிறகு சொல்லுங்கள்: பூகம்பமும் வெள்ளமும் அழித்த ஊர் அது. யாராவது, "மார்க்கோ போலோதான் சீனாவிலேர்ந்து இத்தாலிக்கு நூடுல்ஸ் கொண்டுபோனாராமே?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. மார்க்கோ போலோ ஊர் திரும்பியது 1295-இல். அல் இத்ரீசி என்ற அரபு அறிஞரோ 1154-இலேயே சிசிலித் தீவில் மாவை நூலாக இழுத்துக் காயவைத்துக் கப்பலில் அனுப்புவதை எழுதிவைத்துவிட்டார். எந்தக் கதையையும் ஆண்டை வைத்துச் சரிபார்க்கலாம் என்பதை இந்த இடத்தில் பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள்.

வெங்காயமும் பூண்டும் மத்திய ஆசியா, முட்டைகோஸ் ஐரோப்பா, கடலை மாவு அரைக்கிற கொண்டைக்கடலை துருக்கியின் தென்கிழக்கு. இவற்றுக்கு நூல் இழுத்துவிட்டு வேகமாக நகருங்கள். வாழையில் கொஞ்சம் நில்லுங்கள். நியூ கினி தீவில் ஏறக்குறைய 7,000 வருஷத்துக்கு முன்பே வாழை பயிரிட்டிருக்கிறார்கள், காட்டு வாழைப்பழத்துக்குள் கல்போல் விதைகள் இருக்கும். எலுமிச்சைக் குடும்பத்தின் பூர்வீகம் இமயமலை அடிவாரமும் பர்மாவின் வடக்கும். புளிக்கு எல்லாப் பிள்ளையும் தமிழ்நாட்டில்தான் விரலை வைக்கும். நூலை ஆப்பிரிக்காவுக்கு இழுங்கள். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வந்து நம் சாலையோரமெல்லாம் நிற்கிற மரம் அது.

கடைசியில் மிளகாய். இதுதான் அன்றைய விருந்து. "ராஜராஜ சோழன் தஞ்சாவூர்க் கோயிலைக் கட்டினப்போ குழம்புக்கு எவ்வளோ மிளகாய் போட்டிருப்பாங்க?" என்று கேளுங்கள். ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கோயில் முடிந்தது 1010-இல். மிளகாய் அப்போது அமெரிக்கக் கண்டத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை. மெக்சிகோப் பக்கம் ஆயிரக்கணக்கான வருஷமாக விளைந்தது. 1492-இல் மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் தப்பான கரையில் இறங்கி, மறு வருஷம் மிளகாயோடு ஸ்பெயின் திரும்பினார். அடுத்த நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரி எல்லாமே அந்தக் கண்டத்துச் சரக்குதான்.

"அப்போ காரத்துக்கு இன்னா பண்ணாங்க ஆயா?" என்று உடனே கேட்பார்கள். வாயால் பதில் சொல்லாதீர்கள். முன்னாலேயே மிளகு, சீரகம், பூண்டு, புளி மட்டும் போட்டு ஒரு ரசம் வைத்திருங்கள். தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம். சின்ன டம்ளரில் சூடாகக் கொடுங்கள். மூக்கில் தண்ணி வர அவர்கள் குடிக்கும்போது மிளகைப் பற்றிச் சொல்லுங்கள். யவனர்கள் பொன்னைக் கொண்டுவந்து கொட்டி சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து மிளகை ஏற்றிப்போனதாக அகநானூறு சொல்கிறது. 408-இல் ரோம் நகரை வளைத்த கோத் இனத் தலைவன் அலாரிக், முற்றுகையை விலக்கக் கேட்ட பொருள்களில் பொன், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. திதி சமையலில் மிளகாய், தக்காளி, உருளை சேர்க்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை இருந்தால், அங்கே என்னென்ன சமைப்பார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஐநூறு வருஷத்துக்கு முந்தைய சமையல்கட்டு பாதி தெரிந்துவிடும்.

ஒன்றில் கவனமாக இருங்கள். "அப்போ இதெல்லாம் நம்ம சாப்பாடு இல்லியா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். என் மாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர் மகளும் இருக்கிறாள். அந்தக் கேள்வி தட்டைப் பற்றியது மட்டும் இல்லை. நான் உறுதியாகச் சொல்வேன்: நம்ம சாப்பாடுதான். ரங்கூனில் அத்தோ எப்படி இருக்குமோ, செகண்ட் லைன் பீச்சில் நம் நாக்குக்கு ஏற்றபடி காரம் கூட்டிச் செய்தது இந்த ஊர்க்காரர்கள். யாரையும் "வெளியூர்ச் சாமான்" என்று கேலி செய்ய விடாதீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்த வாரத்துக்கு உருளைக்கிழங்கு போண்டாவும் டீயும் வைத்துக்கொள்ளலாம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் உருளைக்கிழங்கை ராத்திரிப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்துத் தண்ணியை எடுத்து, வெயிலில் காயவைத்து வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். மிதிப்பதை நடித்துக் காட்டப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். வெயில் காலமென்றால் ஐஸ். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலில் அனுப்பினார். மெட்ராஸில் அதை வைக்க 1842-இல் கட்டிய கட்டடம்தான் கடற்கரைச் சாலையில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அதற்குப் பிள்ளைகளைப் பஸ்ஸில் நேராகவே கூட்டிப்போய்விடுங்கள்.